ஃபைல் எனும் நெடுவிளையாட்டு

தபால்வழிப் பாத்திர விளையாட்டில் ஆட்டக்காரர்கள் நேரில் சந்திப்பதில்லை. ஒருவர் தம் பாத்திரமாக நின்று எழுதி அனுப்புவார். முறை வரும்போது அடுத்தவர் பதில் எழுதுவார். இதற்கு முன்னோடியாக, அமெரிக்காவில் ஜான் போர்ட்மேன் 1963இல் ‘டிப்ளமசி’ ஆட்டத்தைத் தபாலில் நடத்தியதைச் சொல்வார்கள். திருவனந்தபுரம் இந்தப் பெருமைக்கு உரிமை கோராதது அதன் பெருந்தன்மை. அங்கே கேரள அரசின் தலைமைச் செயலகத்தில் ஃபைல் என்ற பெயரில் நடப்பதும் இதே ஆட்டம்தான்; அந்தக் கட்டடமோ 1869ஆம் ஆண்டுக்காரர்.

பாத்திரங்கள் நிலையானவை: உதவியாளர், பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், அதற்கும் மேலே செயலாளர். ஆட்கள் ஓய்வு பெறுவார்கள், மாற்றலாகிப் போவார்கள். பாத்திரத்துக்கு மட்டும் சாவில்லை.

பொதுவாக இத்தகைய ஆட்டங்களைக் கொல்வது மௌனம். ஒருவர் எழுதாவிட்டால் மற்றவர்களும் சோர்ந்து விலகுவார்கள். ஆகவே நல்ல நடத்துநர் கெடு வைப்பார். வராதவரின் பாத்திரத்தைத் தாமே நகர்த்துவார். அடுத்தவர் செய்ய எதையாவது மிச்சம் வைத்து எழுதச் சொல்வார். செயலகம் கடைசி விதியை மட்டும் எடுத்துக்கொண்டு கலையாக வளர்த்தது. ‘நிதித்துறையின் கருத்தைக் கேட்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், ஓய்ந்த ஆட்டம் இன்னொரு துறையில் உயிர்த்தெழும். முடிவெடுத்தால் ஆட்டம் தீர்ந்துவிடும் என்பதால் அதில் யாரும் அவசரப்படுவதில்லை.

ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று 2016இல் முதல்வர் பினராயி விஜயன் ஊழியர்களுக்கு நினைவூட்டினார். அந்த வாழ்க்கைக்கு உரியவருக்கு ஆட்டத்தில் முறையே கிடையாது. இப்போது ஆட்டம் கணினிக்கு மாறிவிட்டது. ஃபைல் யாரிடம் கிடக்கிறது என்பது திரையில் தெரிகிறது.