3,69,000 யென் கறுப்புப் பெட்டி

1987இல் ஷார்ப் நிறுவனம் ஜப்பானில் மட்டும் விற்ற எக்ஸ்68000 கணினியின் விலை 3,69,000 யென். மானிட்டருக்குத் தனிக்காசு. ஆபீஸ் வேலைக்கென்று வீட்டில் சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை. கூடவே 'கிரேடியஸ்' விளையாட்டையும் வைத்துக் கொடுத்துவிட்டார்களே. அதே ஆட்டத்தை ஆர்கேடில் நூறு யென் நாணயம் போட்டு ஆடியிருந்தால் 3,690 முறை நிம்மதியாகச் செத்திருக்கலாம்.

ஆனாலும் அழகுதான், மறுப்பதற்கில்லை. இரட்டைக் கோபுரமாக நிற்கும் கறுப்புப் பெட்டி. உச்சியில் அமுக்கினால் கைப்பிடி எழும்பும். பட்டனைத் தொட்டால் மோட்டாரே ஃபிளாப்பியை மரியாதையாக வெளியே நீட்டும்.

இன்று இதை ஏலத்தில் எடுக்கும் விவரமான ரசிகர் முதலில் செய்வது, ஆன் செய்யாமல் இருப்பது. உள்ளே கெபாசிட்டர்கள் கசிந்து போர்டை அரித்திருக்கும். அப்படியே கரண்ட் கொடுத்தால் விளையாட்டுக்குப் பதில் புகை வரலாம். ஆகவே ஜாய்ஸ்டிக்குக்கு முன்னால் சால்டரிங் அயர்ன். பலருக்கு அதுவே ஆட்டமாகிவிடுகிறது. 2023இல் ஜூய்கி என்ற நிறுவனம் கசியாத, புகையாத குட்டி மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழுது பார்க்க ஒன்றுமில்லாத பெட்டியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை எப்படி ஓட்டுவது?