பஜ்ஜி தீர்ந்ததால் போன கோப்பை

மேட்ச் பார்க்க நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டவன் மேட்ச் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. 2023 நவம்பர் 19, அகமதாபாத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நான் அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். கடலை மாவோடு ஒரு கை அரிசி மாவு, பெருங்காயம், கரைத்த மாவில் ஒரு கரண்டி காய்ந்த எண்ணெய். அப்போதுதான் ஓரம் மொறுமொறுவென்று வரும்.

முதல் ஈடு எண்ணெயில் இறங்கிய நேரம் ஷமி, வார்னரை வெளியேற்றினார். ஹாலிலிருந்து உத்தரவு வந்தது: “டேய், நீ அங்கேயே நில்லு. நீ பஜ்ஜி போட்டா விக்கெட் விழுது.” மூன்று ஈடு, மூன்று விக்கெட். ஆஸ்திரேலியா 47. நாட்டுக்காக வியர்க்க வியர்க்கச் சுட்டேன்.

பிறகு மாவு தீர்ந்துவிட்டது. டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். ஆறு விக்கெட்டில் தோல்வி.

240 ரன்னில் சுருண்ட பேட்டிங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. “இன்னும் அரைக் கிலோ மாவு வாங்கி வச்சிருக்கலாம்ல?” என்றான், பதினாலு பஜ்ஜி தின்றவன். தேங்காய்ச் சட்னி நன்றாக இருந்ததாகக்கூட எவனும் சொல்லவில்லை.

அடுத்த இறுதிப் போட்டிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு மிளகாய் பஜ்ஜி.