13ஆம் எண்ணின் பிடிவாதம்

கே: தெங்கு கிளானா சாலையில் உள்ள ஒரு புடவைக் கடைக்கு ஃபிளாஸ்கில் இணையத்தளம் செய்தேன். மடிக்கணினியில் படம் ஏறுகிறது. சர்வரில் மட்டும் 'பெர்மிஷன் டினைட், எர்ரர் 13' என்கிறது. 13 ராசியில்லாத எண்ணா? – வாசகர், கிள்ளான்

ப: ராசியை இழுக்காதீர்கள்! மடிக்கணினியில் நிரலை ஓட்டுபவரும் நீங்களே, ஃபோல்டருக்கு முதலாளியும் நீங்களே. உபுண்டு சர்வரில் பெரும்பாலும் ஓட்டுவது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற கணக்கு. பெயர்தான் நீளம், அதிகாரம் குட்டை. படம் ஏறும் ஃபோல்டரை மட்டும் 'சௌன்' கட்டளையால் அதன் பெயருக்கு எழுதி வையுங்கள். தளம் முழுவதையும் தாரை வார்க்க வேண்டாம்.

கே: எழுதி வைத்தாயிற்று. அதே பிழை!

ப: வழியைப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவில் வீட்டுச் சாவி இருந்தும் அக்சஸ் கார்டு இல்லையென்றால் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய 'எக்ஸ்' அனுமதி தேவை. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 என்று வெளியாருக்குப் பூட்டியே வருகின்றன. 'நேம்ஐ -எல்' கட்டளை எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டிக்கொடுக்கும். தளத்தை ஹோமுக்கு வெளியே குடியேற்றுவதே உத்தமம்.

கே: நண்பர் 777 போடச் சொல்கிறாரே?

ப: மேலே உள்ள கதவுகள் திறந்திருந்தால் படம் ஏறிவிடும். கூடவே சர்வரில் உள்ள எந்தக் கணக்கும் அங்கே எழுதலாம், அழிக்கலாம். திருடனுக்கும் தீபாவளி! உரிமையாளர் சரியாக இருந்தால் 750 போதும். நண்பருக்கு முறுக்கு கொடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.