சொல்லமாட்டேன் மாமா

"நான் சொல்லமாட்டேன், மாப்ளே" என்று மாமா ஆரம்பித்தால், காதைப் பொத்திக்கொள்ள நமக்கு மூன்று விநாடி அவகாசம். நாலாவது விநாடியில் "ஆனா" வந்துவிடும்.

உங்கள் வீட்டில் அவர் சித்தப்பாவாக இருக்கலாம், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரராக இருக்கலாம். ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நாமெல்லாம் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

'புதிய பறவை'யை ஒரே வரியில் முடித்தார். கப்பலில் சிவாஜியும் சரோஜாதேவியும் அப்போதுதான் பழக ஆரம்பித்திருக்கிறார்கள். "ரயிலைக் கண்டா இவர் மூஞ்சி ஏன் மாறுதுன்னு பார்த்துக்கிட்டே இரு" என்றார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறெதையும் பார்க்கவில்லை.

அதைக்கூட மன்னித்துவிட்டேன். 'அந்த நாள்' விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை. 1954-ல் ஏவி.எம். எடுத்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய படம். 1943-ல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட நேரத்தில், ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். ராஜன் யார்? சிவாஜி! கதாநாயகனை ஆரம்பத்திலேயே சாகடித்துவிட்டு அப்புறம் கதை சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! சந்தேகம் ஐந்து பேர் மேல். சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் விசாரிக்க விசாரிக்க, ஆளுக்கொரு கதை. முடிவு மட்டும் காதில் விழுந்துவிடாமல் இந்தப் படத்தைப் பல வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பழைய படங்களைப் பற்றிய கட்டுரையில் இதன் பேர் வந்தால் பக்கத்தையே புரட்டிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். காலிங் பெல் அடித்தது. மாமாவும் அத்தையும்.

"அட, அந்த நாளா! நான் சொல்லமாட்டேன், நீ பாரு" என்று முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. யார் கொலை செய்யவில்லை என்பதை மட்டும்தான் சொன்னார்.

முதல் ஆள் வாயைத் திறந்ததும், "இதைப் போட்டுக் குழப்பிக்காதே மாப்ளே, அப்பிராணி." அடுத்த ஆளுக்கு, "இங்கே டைரக்டர் நம்மளை ஏமாத்தறான்." மூன்றாவது ஆளுக்கும் அரைமணியில் விடுதலை. எந்தக் கோர்ட்டில் இவ்வளவு வேகம் உண்டு? நாலாவது ஆளுக்கு வாய்கூடத் திறக்கவில்லை. முறுக்கைக் கடித்தபடி இடது கையால் 'தள்ளு' என்று ஒரு வீச்சு. ஐந்தில் நாலு போனால் மிச்சம் எவ்வளவு என்று எனக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். (எந்த நாலு பேர் என்று நான் சொல்லமாட்டேன்.)

மிச்சமிருந்த அந்த ஒரு முகம் திரையில் வரும்போதெல்லாம் மாமாவுக்குத் தொண்டையில் ஏதோ செய்தது. "ம்க்கும்." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். மறுபடி அந்த முகம். "ம்க்கும்." பாட்டு உள்ள படமென்றால் பாட்டுக்குப் பாட்டு கூடவே பாடிக்கொண்டு நம்மை விட்டுவிடுவார். இதில் மருந்துக்குக்கூடப் பாட்டு கிடையாது.

'சைக்கோ' 1960-ல் வெளிவந்தபோது, படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரர்களுக்கு ஹிட்ச்காக் கட்டளை போட்டாராம். உள்ளே விடாமலிருப்பது என்ன பெரிய காரியம்? வெளியே வருகிறவரை என்ன செய்வது?

எனக்கு நிஜமாகவே கோபம். அந்த முகம் அழுதால் நானும் பதறியிருக்க வேண்டும். 'நடிப்பு' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிவு தெரியாமல் இந்தப் படத்தைப் பார்க்க எனக்கு இருந்தது ஒரே ஒரு மத்தியானம். அதை முறுக்கோடு சேர்த்துத் தின்றுவிட்டார்.

கடைசிப் பதினைந்து நிமிஷம் செருமல் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். கடிக்காத முறுக்கு கையிலேயே இருந்தது.

"அவர் எங்கே முடிவைப் பார்த்தாரு?" என்றார் அத்தை, சமையல்கட்டிலிருந்து காபியோடு வந்து. "சின்னப்புள்ளையா இருக்கையிலே டூரிங் டாக்கீஸுக்குத் திருட்டுத்தனமாப் போயிருக்காரு. பாதிப் படத்திலேயே அவங்கப்பா வந்து காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. யார் சுட்டதுன்னு மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் சொன்னானாம்."

படம் முடிந்தது. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இப்படியா சுட்டது?" என்றார் மெதுவாக. "அவன் இதைச் சொல்லவே இல்லையே, மாப்ளே. முதல்லேருந்து ஒருதரம் போடேன்."

போட்டேன். அந்த முகம் திரையில் வந்தது.

"ம்க்கும்" என்றேன் நான்.