ஒன்று இழுத்தால் ஐந்து

கண்டியிலிருந்து ஹட்டன் பஸ் ஏறினேன். கம்பளை வருமுன்பே வடையின் எண்ணெய் கையில். பக்கத்து இருக்கை அக்கா வெட் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டி, "ஒண்ணு எடுங்க தம்பி" என்றார். ஒன்றைத்தான் இழுத்தேன். ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு ஐந்து வந்தன. நாலைத் திருப்பித் திணிக்கும்போது மூடி ஸ்டிக்கரின் பசையில் என் விரல் எண்ணெய் பட்டது. அதன்பின் அது ஒட்டவே இல்லை. இறங்குமுன் மிச்சமெல்லாம் காய்ந்து அப்பளம்.

தாள்களை மடித்துக் கோத்திருப்பது, ஒன்று வெளியே வரும்போது அடுத்ததன் தலை நீட்டத்தானாம். நமக்குத் தலை மட்டுமா வருகிறது? குடும்பமே வருகிறது. டப்பாவில் வருவது இன்னும் மோசம்: நட்சத்திரத் துளைக்குள் தாள் விழுந்துவிட்டால் சுண்டுவிரலை விட்டுத் துழாவ வேண்டும்.

1950களின் கடைசியில் வெட் டிஷ்யூவைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ஆர்தர் ஜூலியஸ் விவரமானவர். சூப் பொட்டலம் போடும் இயந்திரத்தை வாங்கி மாற்றியமைத்து, பொட்டலத்துக்கு ஒரு தாள் என்று அடைத்தார். பலதை ஒரே பையில் அடைத்தவர்தான் வம்பைத் தொடங்கியவர்.

நம் சாப்பாட்டுக் கடை மேசையில் டம்ளருக்குள் சதுரமாக வெட்டி வைத்திருக்கும் பேப்பர் துண்டு எண்ணெயைத் துடைக்காது, பரப்பும். ஆனால் இழுத்தால் ஒன்றுதான் வரும்.

வடிவமைப்பாளர்களே, உங்கள் அடுத்த மாதிரியைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். ஹட்டன் பஸ்ஸில் ஏறுங்கள், கையில் ஒரு வடையோடு.