முன்வாசலில் இரண்டு பேர்

எங்கள் வீட்டில் இரண்டு பெண் நாய்கள். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் ராஜபாளையத்துக்கு ராணி என்று பெயர். மற்றது, ஒரு மழைநாளில் தெருவிலிருந்து வந்து ஒதுங்கிய கறுப்பி. குட்டியாக இருந்தவரை ராணியின் காதைப் பிடித்துத் தொங்கி விளையாடினாள். இரண்டு வயதானதும் வீட்டுக்குப் பட்டா கேட்க ஆரம்பித்தாள்.

சோற்றுச் சண்டையைத் தீர்த்தாயிற்று. ஒருத்திக்கு அடுப்படி, ஒருத்திக்கு மாடிப்படி, நடுவில் சாத்திய கதவு. சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் எடுத்துவிட வேண்டும். காலித் தட்டுக்கும் வழக்கு உண்டு. வழக்குத் தீராத சொத்து நான்தான். மாலையில் கேட்டைத் திறந்தால் குறுகலான வாசலில் இரண்டும் என் முழங்காலுக்கு முட்டும்.

“தலைவன் யாருன்னு காட்டுங்க. ஓநாய்க் கூட்டத்துல அப்படித்தான்” என்றார் பக்கத்து வீட்டு ரிடையர்டு சார். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச்சே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று 1999இல் எழுதிவிட்டார். சாரிடம் சொன்னேன். “ஓநாய் மாறியிருக்கும். நாய் மாறாது” என்றார்.

கால்நடை டாக்டர் சொன்னது வேறு: “உறுமினா அதட்டாதீங்க. உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கிட்டா அடுத்த தடவை நேரா கடிதான்.” உண்மையில் பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல. வாலாட்டம் நிற்கும், உடம்பு விறைக்கும், கண் மட்டும் ஓரமாகப் போகும். பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டது போல ஓர் அமைதி.

சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடக் கூடாது. யார் கை என்று பல்லுக்குத் தெரியாது. ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைப் பிடித்துப் பின்னால் இழுக்கலாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவோ இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்து மோதுவார். 2020 மார்ச் மக்கள் ஊரடங்குக்குப் பிறகு எங்கள் தெரு கேட்ட பெரிய தட்டோசை அதுதான். இரண்டும் திகைத்து நிற்கும் அந்த நொடியில் கதவைச் சாத்திவிடுவார்.

இப்போதெல்லாம் நான் கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் நுழைகிறேன். இரண்டும் அடங்கி உட்காரும்வரை யாரையும் கொஞ்சுவதில்லை. “எங்களையும் இப்படி யோசிச்சு நடத்தலாம்” என்று மனைவி சொல்லிப் பார்த்துவிட்டாள்.

தெருவுக்குப் புதிதாக வந்த இஸ்திரிக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: “ஏன் சார் தினமும் பின்பக்கமா பதுங்கிப் போறீங்க?”

“முன்வாசல்ல ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்கப்பா.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் முன்பணம் கேட்கிறார்.