பால்வீதியார்

அமாவாசை என்றைக்கு என்பதைப் புரோகிதருக்கு அடுத்தபடியாகத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கும் ஆள் ஒருவர் உண்டு. காக்கைக்குச் சோறு வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பகலெல்லாம் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பார். ஆனால் தினசரி காலண்டரில் கறுப்பு வட்டம் போட்ட தாள் நெருங்க நெருங்க அவருக்குக் கை பரபரக்கும். பௌர்ணமியன்று ஆளே களையிழந்து போய்விடுவார். இவரைப் பால்வீதியார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அலுவலகத்திலோ, அபார்ட்மென்ட்டிலோ, மாமனார் வீட்டுப் பக்கமோ தேடினால் ஒருவராவது தேறுவார்.

அமாவாசையிலும் அவர் தரம் பார்ப்பார். பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. மார்கழியில் சூரியனே தனுசில் போய் உட்கார்ந்துகொள்வதால் அந்த மாதம் முழுக்க மையம் கண்ணில் படாது. மார்கழியைப் பீடை மாதம் என்று ஊர் சொல்வதை மனமார ஒப்புக்கொள்ளும் ஒரே பகுத்தறிவாளர் இவர்தான். தையில் விடிகிற நேரத்தில் கொஞ்சம் தலைகாட்டும், அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்குப் பால்வீதி முன்னிரவிலேயே எழுந்து நிற்கும். ஆனால் மேகமும் கூடவே வந்து நிற்கும். ஆக, மாசியிலிருந்து வைகாசி வரைதான் அவருக்கு முகூர்த்தக் காலம். அந்த நாட்களில் கல்யாணப் பத்திரிகை நீட்டுபவர்கள் அவருடைய முகம் போகிற போக்கைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படி ஒரு அமாவாசை வார இறுதியில் வந்துவிட்டால், ஜவ்வாது மலைக்குக் கார் புறப்படும். முக்காலிகள், பேட்டரிகள், பனி படிந்த லென்ஸுக்குச் சூடேற்ற ஒரு பட்டை, நெற்றியில் கட்டிக்கொள்ளச் சிவப்பு விளக்கு. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் பிடிக்கும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் பழகிய கண் போய்விடும் என்பதால் சிவப்பு. காரணம் அறிவியல்தான். ஆனால் அமாவாசை நள்ளிரவில், பாழடைந்த மண்டபத்தின் ஓரத்தில், நெற்றியில் சிவப்பு விளக்கோடு முக்காலி முன்னால் அசையாமல் குந்தியிருக்கும் ஒருவரைப் பார்க்கிற மலைக்காரர்களுக்கு அறிவியல் நினைவுக்கு வருவதில்லை.

“யாருங்க அது? இங்க புதையல் கிதையல் ஒண்ணும் கெடையாது. முன்னாடி வந்தவங்களும் தோண்டிப் பாத்துட்டு வெறுங்கையோடதான் போனாங்க.”

“இல்லீங்கண்ணா, நட்சத்திரத்த போட்டோ எடுக்கறேன்.”

“நட்சத்திரமா? அதுக்குத்தான் காவலூர்ல பெருசா கட்டி வெச்சிருக்காங்களே. அங்க போறதுதானே?”

நியாயமான கேள்வி. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் அந்தப் பெயரைப் பெற்றது. அங்கே இருக்கும் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் விட்டம். அவ்வளவு பெரிய கருவியை வைத்திருக்கும் அவர்களே மேகம் வந்தால் கூரையை மூடிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். பால்வீதியார் அகராதியில் அப்படிப்பட்ட தோல்விக்கு இடமே இல்லை. ஏன் என்பது ரோந்து வரும் காவலரிடம் அவர் பேசுகிற பேச்சில் விளங்கிவிடும்.

“எங்க, எடுத்தத காட்டுங்க. என்னங்க, ஒரே இருட்டா இருக்கு? ஒண்ணுமே தெரியலையே!”

“இப்பத் தெரியாது சார். வீட்டுக்குப் போனாதான் தெரியும்.”

வேலை அங்கேதான். அதிலும் முதல் பாதியில் அவர்மேல் எனக்கு ஒரு குற்றச்சாட்டும் இல்லை. பூமி சுற்றுகிறது, 20 மி.மீ. லென்ஸில் 25 நொடிக்குமேல் திறந்து வைத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுபடும். அதைத் தடுக்க, வானத்தோடு கூடவே கேமராவைத் திருப்பும் ட்ராக்கர் என்ற கருவி உண்டு. அதைப் போட்டால் வானம் நிற்கும், தரை இழுபடும். ஆகவே தரையைத் தனியாக ஒரு முறை எடுத்து ஒட்டித்தான் ஆகவேண்டும். ஒரே காட்சியைப் 16 முறை எடுத்து அடுக்கினால் படத்தின் புள்ளி இரைச்சல் நாலில் ஒரு பங்காகும். வெறும் கண்ணுக்குப் பால்வீதி சாம்பல் பூசினாற்போலத்தான் தெரியும். மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. அது காட்டுகிற சிவப்பு ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு, பொய்யில்லை.

ஒட்டுகிற கை அதோடு நிற்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

அவருடைய புகழ்பெற்ற தனுஷ்கோடிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 புயலில் சிதைந்த மாதா கோயில், அதற்குமேல் குமுறி நிற்கும் பால்வீதி. பொழுது சாய்ந்ததும் அங்கேயிருந்து எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே கோயிலை எடுத்தது பதனி குடித்த கையோடு சாயங்காலம். வானம்? அது லடாக்கில் கடல் மட்டத்துக்கு 4500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லேயில், இரண்டு வருடத்துக்கு முன் லீவு போட்டுப் போனபோது எடுத்துச் சேமித்து வைத்தது. வடு மாங்காய் போல அதை வேண்டும்போதெல்லாம் ஜாடியிலிருந்து எடுத்துக்கொள்வார். ஏலகிரிக்கும் அதே வானம்தான், கொல்லிமலைக்கும் அதே வானம்தான். இதில் ஒரு சங்கடம். ஹான்லேயிலிருந்து பார்த்தால் பால்வீதியின் மையம் 28 பாகைக்குமேல் ஏறாது, விருச்சிகத்தின் வால் மலைமுகட்டை உரசிக்கொண்டு போகும். தனுஷ்கோடியில் அதே மையம் 50 பாகையைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும். படத்தில் பாம்பன் பக்கத்து வானம் லடாக் குளிரில் கூனிக் குறுகி இருக்கிறது.

நிலவில் அவர் இன்னும் தாராளம். 20 மி.மீ. லென்ஸில் முழு நிலவு படத்தின் அகலத்தில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான் வரும். அது அவருக்குக் கட்டுப்படியாகாது. தனியாக 600 மி.மீ. லென்ஸில் எடுத்த நிலவைக் கோபுரத்துக்குப் பின்னால் வைப்பார். கோபுரம் நிலவுக்குக் கலசம் வைத்ததுபோல் ஆகிவிடும். ஒரு முறை பிறை நிலவின் இருட்டுப் பாதிக்குள் இரண்டு நட்சத்திரம் மின்னியது. நிலவைத் துளைத்துக்கொண்டு தெரியும் நட்சத்திரத்தை எடுத்த முதல் மனிதர் அவர்தான்.

கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரியில் அவர் படத்தில் மட்டும் தண்ணீர் தளும்பும், அதில் பால்வீதி தலைகீழாகத் தெரியும். பொதுப்பணித் துறையால் முடியாததை ஒரு எலி செய்து முடிக்கிறது. டிசம்பர் ஜெமினிட் எரிகற்கள் விடிய விடிய ஒவ்வொன்றாக விழுந்ததை மொத்தமாகச் சேர்த்து ஒரே நொடியில் விழ வைப்பார்; பார்த்தால் திருவிழா வாணவேடிக்கை. சேர்ப்பதற்கு இருக்கிற ஆர்வம் நீக்குவதற்கும் உண்டு: மின்கம்பி, செல்போன் கோபுரம், செயற்கைக்கோள் இழுத்த கோடு, தூரத்து ஊரின் மஞ்சள் வெளிச்சம், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த காவலர். அந்த இரவில் அங்கே நிஜமாக இருந்தவர்களில் ஒருவரும் படத்தில் இருக்கமாட்டார்கள்.

கீழே ஒரு வரி எழுதுவார்: “நம்ம ஊர் வானம். நோ எடிட்.”

எனக்கு எரிச்சல் வருவது அந்த வரியில்தான். ஒட்டட்டும், வெட்டட்டும், நிலவைப் பூசணிக்காய் அளவுக்கு ஊதட்டும். ஒட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதை நம்பிக் குழந்தை குட்டியோடு ஏலகிரிக்குப் போய், ராத்திரி ஒரு மணிக்கு மொட்டைமாடியில் அண்ணாந்து நின்று கழுத்து பிடித்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ.

கேட்டுப் பார்த்தால் ஒரு கவசம் எடுத்து மாட்டுவார். “ஆன்சல் ஆடம்ஸ் பண்ணாததையா நான் பண்ணிட்டேன்?” ஆடம்ஸ் பண்ணினார்தான். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் நிலவு எழும் காட்சியை எடுத்து, இருட்டறையில் அச்சுக்கு அச்சு வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். எடுத்த தேதியைக் குறித்து வைக்கவில்லை. வருடத்தையே மாற்றி மாற்றிச் சொன்னார். பிற்காலத்தில் வானியல் தெரிந்தவர்கள் படத்திலிருந்த நிலவின் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4:49 என்று கண்டுபிடித்தார்கள். வானம் கறுத்திருந்தாலும் நிலவு அந்த இடத்து நிலவு என்பதால் சாட்சி சொல்ல முடிந்தது. பால்வீதியார் படத்தை அவர்களிடம் கொடுத்தால் மூன்று தேதியும் இரண்டு ஊரும் விடையாக வரும்.

இவ்வளவுக்கும் இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. ஊருக்கு ஊர் ஸ்டுடியோக்காரர்கள் தாஜ்மகால் திரைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள், பொருட்காட்சியில் அட்டைப் பிறைமேல் உட்கார வைத்தார்கள். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் உள்ளங்கையில் மாப்பிள்ளையை நிறுத்தினார்கள். அவர்களில் யாரும் “ஆக்ராவில் எடுத்தது, நோ எடிட்” என்று அட்டையில் எழுதி ஒட்டியதாக நான் பார்த்ததில்லை.

இணையத்தில் ஆயிரம் பேர் கைதட்டிய படம் ஒன்றில் பால்வீதியார் மாட்டிக்கொண்டது வீட்டுக்குள்ளேயே. பாட்டிக்குத் தொண்ணூறு வயது. பாம்புப் பஞ்சாங்கம் தலைமாட்டில் இருக்கும். பெரிய திரையில் படத்தைக் காட்டினார்.

“இந்தப் பக்கம் தேளு நெஞ்சுல செக்கச்செவேல்னு இருக்கே, கேட்டைதானே?”

“ஆமா பாட்டி! கரெக்டா சொல்ற.”

“அந்தப் பக்கம் மூணு நட்சத்திரம் வரிசையா இருக்கே, அதுக்கு மேல செவப்பா?”

“திருவாதிரை.”

பாட்டி விரல் மடக்கினார். “திருவாதிரை ஆறாவது. கேட்டை பதினெட்டாவது. இருபத்தேழுல நடுவுல பதினொண்ணு கெடக்குடா. இது கெழக்க தலைய நீட்டறப்போ அது மேக்க போய்ப் படுத்துக்கும். ஒன் படத்துல ரெண்டும் ஒரே திண்ணையில ஒக்காந்து வெத்தல போடுதே?”

“அது வந்து… ஆர்ட் பாட்டி.”

“ஆர்ட்டோ கீர்ட்டோ. எங்கெங்கயோ இருக்கறத சேக்கத் தெரியும்னா, தாத்தாவையும் என்னையும் சேத்து ஒண்ணு போட்டுக் குடு. கல்யாண போட்டோ மழையில வீணாப் போச்சு.”

தாத்தா ஐம்பது வயதில் போனவர்; பழைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிச்சம். பால்வீதியார் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, முடியோரம்கூடப் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தார். காலையில் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பாக்கறவங்க பக்கத்துல நிக்கறது புருசனா புள்ளையான்னு கேப்பாங்க. என் மொகத்துல அந்தச் சுருக்கத்த எடுத்துடு. அப்பறம் பின்னால என்னடா அது, புள்ளி புள்ளியா தூசி? நல்லா தொடச்சுக் குடு.”